பிலிம் பிடித்த விரல்

திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் பல் டாக்டர் பெரியண்ணன் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அங்கே ஆயா வேலை பார்த்தவள் பவுனம்மாள். பிறந்தது முசிறிப் பக்கம். வாக்கப்பட்டது ஸ்ரீரங்கத்தில், வாழைத்தார் ஏற்றி இறக்கும் காத்தமுத்துவுக்கு. அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஒண்டுக் குடித்தனம். பிள்ளை இல்லை. அதை நினைத்து அவள் யாரிடமும் மூக்கைச் சிந்தியதில்லை. விடியுமுன் காவிரியில் முழுகுவாள். ஈரம் சொட்டப் பெருமாளைச் சேவித்து, வலது கையைக் குழித்துத் தீர்த்தம் வாங்கிக் குடித்துவிட்டு, வீட்டு வேலையை முடித்து டவுன் பஸ் ஏறுவாள். அந்தத் தீர்த்தம் நாக்கில் படாத நாள் அவளுக்கு நாளாகவே தோன்றாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் அந்த ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே மிஷின் வந்தது. மரப்பெட்டியை உடைத்து நிமிர்த்தி வைத்தபோது பவுனம்மாள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"என்னங்கய்யா இது, கொக்கு கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி?"

டாக்டருக்கு எதையும் விளக்கிச் சொல்வதில் ஒரு சந்தோஷம். கேட்பவர் ஆயாவா, கலெக்டரா என்று பார்க்க மாட்டார்.

"கொக்குத் தலை இருக்குதே, அதுக்குள்ள ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கு பவுனு. அதுல காத்தே கிடையாது, சுத்தமா உறிஞ்சிட்டான். ஒரு முனையில பல்புல இருக்கிற மாதிரி ஒரு கம்பி. அது பழுத்துச்சுன்னா எலக்ட்ரான்னு பொடியிலும் பொடியா கிளம்பும். கரண்டு அதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி, எதிர் முனையில இருக்கிற உலோகத்துல ஓங்கி அறையும்."

"அறைஞ்சா?"

"அவ்வளவு வேகமா ஓடினது சட்டுனு நின்னா அந்த வேகம் எங்க போகும்? முக்காவாசி என்ன, அநேகமா முழுக்கவே சூடாப் போயிடும். அதுக்குத்தான் குழாயைச் சுத்தி எண்ணெய் ஊத்தியிருக்கான். நூத்துல ஒரு பங்குக்கும் குறைச்சல்தான் எக்ஸ்ரேயா வெளியில வரும்."

"அப்ப பாக்கியெல்லாம் வீணா? எங்க வீட்டுக்காரர் பாடுபடுறது மாதிரியில்ல இருக்கு!"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பவுனம்மாள் சொன்னதையும் சேர்த்தே மிஷினை விளக்குவார்.

அந்தக் கதிர் கன்னத்துச் சதையை ஊடுருவிப் போகும். எலும்பும் பல்லும் அதை மறிக்கும். பல்லில் அடைத்த வெள்ளி முழுக்க மறித்துவிடும். வாய்க்குள் பல்லுக்குப் பின்னால் கறுப்புக் காகிதத்தில் பொதிந்த சின்ன பிலிமை வைத்தால், கதிர் வந்து சேர்ந்த இடம் மருந்தில் கழுவும்போது கறுக்கும், வராத இடம் வெள்ளையாக நிற்கும். சொத்தை கறுப்பாகத் தெரியும். வேரடியில் சீழ் கட்டியிருந்தால் அங்கே கருமேகம் கட்டினாற்போல இருக்கும். இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே பிலிமைக் கழுவிக் கிளிப்பில் மாட்டிக் காயப் போடுவதும் பவுனம்மாளின் வேலையாயிற்று. வெளியே தெரியாத வேர், கைக்குள் அடங்கும் அந்தச் சின்னப் படத்தில் மெல்ல மெல்ல வந்து நிற்கும்போது அவளுக்கு மெய்சிலிர்க்கும். பெருமாளே, உன் படைப்பில் எத்தனை ஒளிவு என்று நினைத்துக்கொள்வாள்.

பிலிமை வாய்க்குள் அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் பெரிய பாடு. வைத்தியம் பார்த்துக்கொள்கிறவர் தன் விரலாலேயே அழுத்திக்கொள்ள வேண்டும் என்பது முறை. லால்குடியிலிருந்து வரும் குடியானவர்கள் விரலைவிட்டதும் குமட்டி, பிலிமைக் கடித்துத் துப்பினார்கள். பெண்களோ வாயில் கை வைக்கவே மாட்டேன் என்றார்கள். நாலு பேர் பார்க்க, எச்சில் முழங்கையில் வழிய, அயல் ஆண்பிள்ளை முன்னால் எப்படி உட்கார்ந்திருப்பது?

வடக்கு உத்தர வீதியிலிருந்து வந்த கோதைநாயகி மாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"டாக்டர் கை, ஆயா கை, எது வேணும்னாலும் போகட்டும். ஆத்துக்குப் போனதும் நான் ஸ்நானம் பண்ணத்தான் போறேன். ஆனா என் விரலை நானே வாயில விட்டுண்டு சபையில உக்காரச் சொல்றேளே, நான் என்ன கைக்குழந்தையா?"

டாக்டர் கையைப் பிசைந்தார். பவுனம்மாள் கையைக் கழுவிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் பிடிச்சுக்கிறேங்கய்யா."

"வேணாம் பவுனு. வேற ஆள் பிடிக்கக் கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கான்."

"கண்ணை மூடித் திறக்கிற நேரந்தானுங்களே."

மாமிக்கு வலி தாங்கவில்லை. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். டாக்டர் சரி என்று கதவுக்கு வெளியே போய்ச் சுவிட்சை அழுத்தினார். அன்றைக்கு மட்டும் என்று தொடங்கியது அப்படியே பழக்கமாகிவிட்டது. யார் வந்தாலும் பவுனம்மாளின் வலது ஆள்காட்டி விரல்தான். மிஷின் உறுமி ஓயும்வரை மனதுக்குள் "ரெங்கா, ரெங்கா" என்று சொல்லிக்கொண்டு அசையாமல் நிற்பாள்.

சில படங்களில் பல்லின் ஓரமாக அவளுடைய விரல் எலும்பும் வெள்ளையாக விழுந்திருக்கும். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "இந்தா பவுனு, உனக்கும் ஒரு படம் இனாம்" என்பார். அவளும் சிரிப்பாள். ஊரில் எத்தனை பேருக்குத் தன் எலும்பைத் தானே பார்க்கும் பாக்கியம் கிடைக்கும் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வருஷங்கள் போயின. முதலில் அந்த விரல்நுனி வறண்டது. ரேகை தேய்ந்து வழவழவென்றாயிற்று. பாத்திரச் சாம்பல் வேலை என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினாள். அப்புறம் நகத்தில் நீளவாக்கில் கோடு கோடாக வரப்பு எழும்பியது, நகம் ஓரத்தில் பொரிந்து உதிர்ந்தது. நகக்கண்ணில் வெடிப்பு விட்டது. மரு போல ஒன்று முளைத்து, உடைந்து, ஆறாமல் நின்றது. ராத்திரியானால் நெருப்பில் வைத்தாற்போல எரியும்.

அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போகும் வழியில் பெருவியாதிக்காரர்கள் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். தினமும் பார்க்கிற ஆட்கள்தான். ஒரு நாள் அதில் ஒருவர் நீட்டிய, குஷ்டம் அரித்த கையைப் பார்த்தவள், தன் கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். அந்த நிமிஷமே அவள் மனதில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஏன் வந்தது என்பதற்கும் அவளே காரணம் கண்டுபிடித்தாள். பகலெல்லாம் கண்டவர் எச்சிலில் புழங்குகிற கை, விடிந்தால் பெருமாள் தீர்த்தத்துக்கு நீட்டுகிற கை. எத்தனை சோப்புப் போட்டால் என்ன, எச்சில் எச்சில்தானே? தெய்வம் எத்தனை நாள் பொறுக்கும்?

அதற்கப்புறம் தீர்த்தம் கொடுக்கும் இடத்தில் அவள் ஒதுங்கி நின்றாள். "வாம்மா முன்னாலே" என்று பட்டர் கூப்பிட்டாலும் காது கேளாதவள் போலத் தூணைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். விரலில் மஞ்சள் துணியைச் சுற்றிக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் அரிவாள்மணை வெட்டிவிட்டது என்றாள். பக்கத்துக் குடித்தனத்து மயிலம்மாள் விடுகிற ஆளா?

"ஏன் பவுனு, எங்க வீட்டு அரிவாமணை என்னிக்காவது ஒரு நாள் வெட்டும். உங்க வீட்டுது மட்டும் தினம் பசியெடுத்துக் கடிக்குதா?"

பவுனம்மாள் சிரிக்கிற மாதிரி உதட்டை இழுத்துவிட்டு உள்ளே போய்க் கதவோரம் நின்று அழுதாள். காத்தமுத்து, "டாக்டர்கிட்டதானே வேலை பாக்கிறே, காட்டக் கூடாதா?" என்று கேட்டதற்கு, "அவரு பல் டாக்டர், விரல் டாக்டரா?" என்று வாயடைத்தாள்.

டாக்டரிடம் எப்படிக் காட்டுவது? இந்த விரலைப் பார்த்த பிறகு யார் வாயில் வைக்கச் சொல்வார்? வேலை போகும். சந்தில் செய்தி பரவும். குடித்தனம் காலி செய்யச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய வேதனை இன்னொன்று. பெருவியாதி என்று தானே நம்பிக்கொண்டு, எக்ஸ்ரே அறையின் அரை இருட்டில் துணியை அவிழ்த்துவிட்டு, அதே விரலைக் கழுவி, அடுத்தவர் வாயில் வைத்துக்கொண்டுதானே இருக்கிறாள். வருகிற ஒவ்வொருவருக்கும் வியாதியைக் கொடுக்கிறோமே என்று குமைவாள். குமைந்துகொண்டே வைப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் கூட்டம் அதிகமாகி, டாக்டர் இன்னொரு ஆயாவை வைத்தார். லூர்துராணி, எடமலைப்பட்டி புதூர்ப் பெண். தகப்பன் இல்லை. வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுத்துத் தாயைக் காப்பாற்றினாள். கலகலவென்ற சுபாவம். வந்த வாரமே, "பவுனக்கா, உங்க ரவிக்கையை எவ தைச்சா? கை ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டுத் திரும்பிக்கிச்சே!" என்று கேட்டு, அளவெடுத்து ஒன்று தைத்துக்கொண்டு வந்தாள்.

பவுனம்மாளுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. வழியும் கிடைத்துவிட்டது.

"ஏம்மா லூர்து, எனக்குக் கண்ணு மங்குது. இருட்டுல பல்லே தெரிய மாட்டேங்குது. இனிமே பிலிமை நீ பிடிச்சுக்கயேன்."

"இதுக்கென்னக்கா, குடுங்க."

இனி தன் விரல் யார் வாயிலும் படாது, யாருக்கும் தீங்கில்லை என்று பவுனம்மாள் நிம்மதியாக மூச்சுவிட்டாள். நல்ல காரியம் செய்ததாகக்கூட நினைத்தாள். லூர்துராணி சீக்கிரமே தேறிவிட்டாள். "ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் பாதி சொல்றதுக்குள்ள படம் முடிஞ்சிடுது. மாதாவுக்கு நான் எப்பவும் பாதி ஜெபம் பாக்கி" என்று சிரிப்பாள்.

இப்படியே இரண்டு மூன்று வருஷம் ஓடிற்று. ஒரு நாள் மத்தியானம் இருவரும் மாடிப்படிக்குப் பின்னால் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். லூர்துராணி விரலை நீட்டினாள்.

"இந்த நகத்தைப் பாருங்கக்கா. பட்டுத்துணி தைக்கவே முடியல, நூலை நூலை இழுக்குது. நுனியும் மொத்தையா வழுக்குது. ஊசியைப் பிடிச்சா நழுவிப் போகுது."

வலது கை. ஆள்காட்டி விரல். நீளவாக்கில் வரப்பு வரப்பாக நகம்.

பவுனம்மாள் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தனக்கு ஆரம்பத்தில் எப்படி இருந்ததோ அச்சு அசலாக அப்படியே. இந்தப் பெண் எந்தத் தீர்த்தத்தை எச்சில் கையால் வாங்கினாள்? எந்தப் பெருமாளிடம் அபசாரப்பட்டாள்? ஒரே கை, ஒரே விரல். இரண்டு பேரும் செய்த ஒரே காரியம் பிலிம் பிடித்தது. அப்படியானால் இது பெருவியாதியே இல்லை. தெய்வ குற்றமும் இல்லை. அந்த மிஷின்!

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை யாரோ எடுத்து அப்பால் வைத்த மாதிரி. "எண்ணெய் தடவும்மா" என்று மட்டும் சொன்னாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கோயிலுக்குப் போனாள். தீர்த்தத்துக்கு நின்றவர்களோடு முட்டி மோதி முன்னால் போய், துணியைச் சுற்றாத கையைக் குழித்து நீட்டினாள். பட்டர் தீர்த்தம் விட்டார்.

குளிர்ந்த தீர்த்தம் உள்ளங்கையில் நின்றது. "பெருமாளே, என்னைக் காப்பாத்தினியே" என்று வாய் முணுமுணுத்தது. அப்போதுதான் அந்த வார்த்தை அவளுக்கே உறைத்தது. என்னைக் காப்பாற்றினார், சரி. லூர்துவை? மத்தியானம் அந்தப் பெண் நகத்தைக் காட்டினாளே, அதைப் பார்த்தல்லவா நான் சந்தோஷப்பட்டேன்? அவள் விரல் கெட்டதற்கா நன்றி சொல்ல ஓடி வந்திருக்கிறேன்? சாயங்காலமும் நாலைந்து பேருக்கு அவள் பிலிம் பிடித்தாளே, நான் பக்கத்தில் நின்று தட்டுத்தானே கழுவிக்கொண்டிருந்தேன்?

தீர்த்தம் விரலிடுக்கில் ஒழுகியது. பின்னால் நின்றவள், "நகரும்மா, குடிச்சிட்டு நகரு" என்று தள்ளினாள். பவுனம்மாள் குடிக்கவில்லை. ஈரக்கையைத் தலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கோதைநாயகி மாமிதான் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். லூர்துராணி பிலிமை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

"வைக்காதே லூர்து!"

குரல் வெளிப் பெஞ்சுவரை கேட்டது. டாக்டர் கதவடியில் திரும்பினார். "என்ன பவுனு, என்னாச்சு?"

துணியை அவிழ்த்துக் கையை நீட்டினாள்.

மாமி, "ரங்கா!" என்று நாற்காலியிலேயே ஒடுங்கிக்கொண்டாள். டாக்டர் அந்தக் கையைப் பற்றி ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனார். சின்னக் கருவி ஒன்றின் முனையால் விரலைத் தொட்டார்.

"வலிக்குதா?"

"உயிரே போகுதுங்கய்யா. பெருவியாதிதான்னு பயந்து..."

"அது இருந்தா உணர்ச்சியே இருக்காது. இவ்வளவு வலிக்குதுன்னா அது இல்ல." சொல்லிக்கொண்டே வந்தவருக்குக் குரல் இறங்கியது. லூர்துராணியின் கையையும் வாங்கிப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

"படத்துல உன் எலும்பு வெள்ளையா விழுந்துச்சே பவுனு. கதிர் அங்கேயே நின்னுடுச்சுன்னுதானே அர்த்தம்? நின்ன கதிர் சும்மா இருக்குமா? எலும்புல நிக்கும், தோலுலயும் கொஞ்சம் கொஞ்சமா நிக்கும். ஒரு தடவைன்னா உடம்பு தாங்கும். தினம் தினம்னா உள்ளேயே அரிச்சிடும். புத்தகத்துல போட்டிருந்தான். நான் படிச்சேன். படிச்சிட்டு, இனாம் படம்னு சிரிச்சேன் பாரு." நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "ஏன் இத்தனை நாள் மறைச்சே?"

லூர்துராணி குறுக்கே வந்தாள்.

"எப்பலேருந்துக்கா இது?"

"நீ வர்றதுக்கு முன்னாடியே."

"கண்ணு மங்குதுன்னீங்களே?"

"பொய்யும்மா."

லூர்துராணி தொட்டியடிக்குப் போனாள். குழாயைத் திறந்து, சோப்பைப் போட்டு அந்த விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கழுவினால் போகிற அழுக்கில்லை என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் பவுனம்மாளின் புண் புரையோடிப் புற்றுப் புண்ணாகிவிட்டது என்றார்கள். இரண்டாவது கணுவரை விரலை எடுத்தார்கள். லூர்துராணியின் விரல் தப்பியது. இனிமேல் கதிர்பக்கம் போகாமல் இருந்தால் பரவாது, நகம் மட்டும் இப்படியேதான் இருக்கும் என்றார் டாக்டர். மெட்ராஸிலிருந்து பிலிமைக் கவ்விப் பிடிக்கும் மரக்கிளிப் வாங்கி வந்தார். கடித்துக்கொள்ள மாட்டேன், என் விரலும் வைக்க மாட்டேன் என்கிறவர்களுக்குப் படமே கிடையாது என்று சொல்லிவிட்டார். சுவிட்சு அழுத்தும்போது ஆயாக்கள் இருவரும் கதவுக்கு வெளியே போய்விட வேண்டும்.

பவுனம்மாள் வேலைக்குத் திரும்பினாள். இப்போது மொட்டை விரலை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேறொன்று வந்து சேர்ந்தது. டாக்டர் வருகிறவர்களிடமெல்லாம், "ஊராருக்காக இந்தம்மா விரலையே குடுத்திருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் மனசுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். மயிலம்மாளும், "தெரியாம அரிவாமணைன்னு கேலி பேசிட்டேன் பவுனு" என்று கண்கலங்கினாள். அதைக் கேட்கும்போதெல்லாம் பவுனம்மாள் பேசாமல் நின்றாள். அப்படி நிற்க நிற்க, பழைய துணியை மறுபடி சுற்றிக்கொள்கிற மாதிரி அவளுக்கு உடம்பு கூசியது. லூர்துராணி வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். வேண்டியதைப் பேசுவாள். தூக்குச்சட்டியை மட்டும் ஜன்னலோரம் தனியாக வைத்துக்கொண்டு சாப்பிடுவாள்.

வைகுண்ட ஏகாதசி முடிந்த வாரம் மாமி மறுபடி வந்தாள். உட்காருமுன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"கைங்கர்யம்னா உன்னோடதுன்னா கைங்கர்யம்! ஊர் பல்வலிக்கு விரலையே சமர்ப்பிச்சுட்டியேடி பவுனு. பெருமாள் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார், பாரு."

லூர்துராணி குனிந்த தலை நிமிராமல் மாமியின் கையில் கிளிப்பைக் கொடுத்தாள். மாமி முகத்தைச் சுளித்துக்கொண்டு, தானே வாயில் வைத்துக் கடித்தாள்.

பவுனம்மாளுக்குத் தாங்கவில்லை.

"இல்லீங்கம்மா. என் விரலை நான் யாருக்கும் குடுக்கல, அது தெரியாமப் போனது. இந்தப் பொண்ணு விரலைத்தான் குடுத்தேன். என் மானம் போயிடக் கூடாதுன்னு, கெட்டுப்போன விரலை மறைச்சு வச்சுக்கிட்டு, இவளைப் பிடிக்கவச்சேன். அதுதான் நான் செஞ்ச கைங்கர்யம்."

மாமி கிளிப்பைக் கடித்தபடி கண்ணை உருட்டினாள். டாக்டர் சுவிட்சுக் கம்பியோடு அப்படியே நின்றார்.

"அக்கா, அவங்க வாயில பிலிம் இருக்கு. பதில் சொல்ல முடியாது" என்றாள் லூர்துராணி. "வெளியில வாங்க, கதவைச் சாத்தணும்."

இருவரும் வெளியே வந்தார்கள். டாக்டரும் வந்து கதவைச் சாத்திச் சுவிட்சை அழுத்தினார். உள்ளே மிஷின் உறுமியது.

"மாமிகிட்டச் சொல்லிட்டீங்க" என்றாள் லூர்துராணி, கதவைப் பார்த்துக்கொண்டே. "டாக்டருக்கும் தெரியும். என்கிட்டதான் இதுவரைக்கும் நீங்க ஒரு வார்த்தை சொல்லல."

உண்மைதான். இத்தனை மாதத்தில் பவுனம்மாள் பெருமாளிடம் அழுதிருக்கிறாள், கணவனிடம் அழுதிருக்கிறாள். வயதில் சின்னவள், இவளிடம் எந்த வாயால் கேட்பது என்று இருந்துவிட்டாள்.

"உனக்குத் தப்புப் பண்ணிட்டேன் லூர்து" என்றாள்.

மிஷின் ஓய்ந்தது. லூர்துராணி உள்ளே போய்ப் பிலிமை வாங்கிக்கொண்டு இருட்டறைக்குள் நுழைந்து தாழிட்டாள். பவுனம்மாள் கதவுக்கு வெளியே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அக்கா, அலசுற தொட்டியில தண்ணி இல்ல. மருந்துல பிலிமை முடிச்சதும் தாழ் திறக்கிறேன், அதுக்குள்ள கொண்டாங்க."

"இதோ வரேம்மா" என்று பவுனம்மாள் வாளியை இடது கையில் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.